பிரேக் பேட் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்து வீட்டிலேயே சரிசெய்வது

பிரேக்கில் சத்தம் கேட்கிறது என்றால், "பேட் தேய்ந்திருக்கும், மாற்றிவிடு" என்பதுதான் மலேசியாவில் நம் பேராக் மாநிலத்துப் பீடோரில் யாரைக் கேட்டாலும் வரும் பதில். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் புதுப் பேட் போட்ட பிறகும் அதே சத்தம், அதே இழுப்பு, அதே சூடு என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே குற்றவாளி பேட் இல்லை. பேட் தடையில்லாமல் நகர உதவும் பின், கிளிப், டிஸ்க் உட்காரும் ஹப் இவற்றில் சேறும் துருவும் ஏறியிருக்கும். நம் பக்கத்துக் கார்கள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுகின்றன. குலை ஏற்றிய லோரிகள் தார்ச் சாலையில் உதறிவிட்டுப் போகும் சேற்றையும் வாரிக்கொள்கின்றன. சாயங்கால மழையில் நனைந்து, அப்படியே இரவு முழுக்க வாசலில் நிற்கின்றன. ஆகவே ஸ்பேர்பார்ட் கடைக்குப் போவதற்கு முன் டயரைக் கழற்றிப் பாருங்கள். பார்க்கக் காசு ஆகாது.

இங்கே எழுதுவதெல்லாம் முன் சக்கர டிஸ்க் பிரேக்குக்கு. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதை இரு பக்கமும் பிடித்து நிறுத்துபவை பேட்கள்; பேட்களை அழுத்தும் பிடி கேலிப்பர், அதற்குள் ஆயில் அழுத்தத்தில் நகர்வது பிஸ்டன். மைவி, ஆக்ஸியா, சாகா போன்ற கார்களில் பெரும்பாலும் பின்னால் டிரம் பிரேக்தான். அந்த வேலை வேறு. புரோட்டோன் எக்ஸ்50, எக்ஸ்70 போல மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள காரில், பின் சக்கரப் பிஸ்டனை வெறுமனே அழுத்தித் தள்ளக் கூடாது. ஸ்கேனர் வைத்தோ கார் கையேடு சொல்லும் முறைப்படியோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். அதைப் போமனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) விட்டுவிடுவது நல்லது.

கை வைக்கும் முன்

காரை சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். லயத்து வீட்டு வாசலில் மண் தரைதான் இருக்கிறது என்றால், ஜேக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை போடுங்கள். மழை பெய்து முடிந்த மண், மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் பாரம் ஏறியதும் உள்வாங்கும். அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைப் 'பி'யில் போட்டு, மேனுவல் கியர் என்றால் முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

காரோடு வரும் ஜேக் டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பித் தலையை நீட்டாதீர்கள். தூக்கியதும் ஜேக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். கழற்றிய டயரையும் காருக்கு அடியில் தள்ளி வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினால் அது தாங்கும். டயர் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் கார் ஆடும்.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய பேட்டில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கி, துணியால் துடைத்து எடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் மட்டும் கரகர, பிறகு இல்லை

இது கோளாறே இல்லை. இரவு மழையில் டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு படியும். வார்ப்பிரும்பு அப்படித்தான். நாலைந்து தடவை பிரேக் மிதித்ததும் பேட் அதை வழித்துவிடும். கடைத்தெரு போய்ச் சேர்வதற்குள் சத்தம் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். காரை வாரக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்தீர்கள், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியும் நிற்கவில்லை என்றால்தான் டயரைக் கழற்ற வேண்டும். துரு ஆழமாக அரித்திருந்தால் டிஸ்க்கின் முகம் சொறி பிடித்த மாதிரி குழிகுழியாக இருக்கும். அந்த டிஸ்க்கில் புதுப் பேட் போடுவது பேட்டுக்குக் கேடு.

ஓட்டும்போதே கீச்சென்ற மெல்லிய சத்தம்

நிறையப் பேட்களில் ஓரமாக ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்து 2 மி.மீ. அளவுக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும். எச்சரிக்கைக்காகவே வைத்தது. அது பேச ஆரம்பித்தால், இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்று அர்த்தம். புதுப் பேட்டின் உரசும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்தாலே நான் மாற்றிவிடுவேன். கடைசி மில்லிமீட்டர்வரை இழுப்பதில் மிச்சம் ஒன்றும் இல்லை. டிஸ்க் போனால் அதன் விலை பேட்டைவிட அதிகம்.

ரிம்மின் இடைவெளி வழியே டார்ச் அடித்தால் வெளிப்பக்கப் பேட் தெரியும். அதை மட்டும் பார்த்து "இன்னும் நிறைய இருக்கிறதே" என்று போய்விடாதீர்கள். உள்பக்கப் பேட் தனி ஆள். பிஸ்டன் பக்கம் இருக்கும் அந்தப் பேட்தான் பல கார்களில் முதலில் முடிகிறது.

உள்பக்கப் பேட் முடிந்திருக்கிறது, வெளிப்பக்கம் அப்படியே இருக்கிறது

நம் பக்கத்தில் மிக அதிகமாகக் காணும் கோளாறு இதுதான். முக்கால்வாசித் தொல்லைக்கு வேர் இங்கேதான் என்பது என் கணக்கு. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மைவி, சாகா போன்ற கார்களின் கேலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கிறது. பிரேக் மிதித்தால் பிஸ்டன் முதலில் உள்பக்கப் பேட்டைத் தள்ளும். பிறகு கேலிப்பர் முழுவதும் உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேட்டையும் டிஸ்க்கோடு சேர்த்துப் பிடிக்கும். அந்த நகர்வுக்குத்தான் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஸ்லைடு பின்கள். பின் இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது. உள்பக்கப் பேட் மட்டும் தனியாக உழைத்துத் தேயும்.

கேலிப்பரை எடுத்துவிட்டு, அதைத் தாங்கும் பிராக்கெட்டில் இருக்கும் பின்னை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நல்ல பின் வழுக்கிக்கொண்டு வரும், விட்டால் கொஞ்சம் உள்ளே போகும். இறுகிய பின்னைத் திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும். வெளியே வந்ததும் பாருங்கள்: அடிப்பக்கத்து ரப்பர் உறையில் முடி அளவுக்கு ஒரு கீறல் இருக்கும். அந்தக் கீறல் வழியாகப் போன தண்ணீரும் செம்மண்ணும் பழைய கிரீஸோடு சேர்ந்து, செங்கல் நிறத்தில் கெட்டியாகப் பின்னைச் சுற்றி ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிரும். கையில் பளபளவென்று இருக்க வேண்டிய இரும்பில் துருப் புள்ளிகள் இருக்கும்.

பின்னைத் துடைத்து, மெல்லிய சேண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துரு மேலோட்டமாக இருந்தால் வழுவழுப்பாகிவிடும். குழி விழுந்திருந்தால் புதுப் பின் வாங்குங்கள். ரப்பர் உறையோடு செட்டாகவே கிடைக்கும். பின் போகும் ஓட்டையையும் சின்ன பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பலர் பின்னை மட்டும் துடைத்துவிட்டு ஓட்டையை மறந்துவிடுகிறார்கள்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். உப்பிய ரப்பர் பின்னை முன்பைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு என்றே வரும் சிலிகான் கிரீஸைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய பூச்சு போதும். ஓட்டை நிறைய அடைத்தால், உள்ளே மாட்டிய காற்று பின்னை வெளியே தள்ளும்.

இன்னொன்று. பல கேலிப்பர்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்று போல இருக்காது. ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும், மற்றதில் இருக்காது. எது எங்கே இருந்தது என்று கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் மறுபடியும் இறுகும்.

உள்பக்க, வெளிப்பக்கப் பேட்கள் இரண்டுமே ஒரு முனையில் தடிப்பாகவும் மறு முனையில் மெலிந்தும் சரிவாகத் தேய்ந்திருந்தால், ஒரு பின் மட்டும் இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு பின்னும் நன்றாக வழுக்குகின்றன, ஆனாலும் உள்பக்கம்தான் தேய்கிறது என்றால் பிஸ்டன் திரும்பி வராமல் நிற்கிறது.

இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம்

கர்ரென்று பல் கூசும் சத்தம், பிரேக் மிதித்தால் கூடுகிறது: பேட் முழுவதும் போய், அது ஒட்டியிருந்த இரும்புப் பின்தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டாதீர்கள். டிஸ்க்கின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், கடைசல் பட்டறையில் வழித்துத் தர முடியுமா என்று கேட்கலாம். ஆனால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போய்விட்டால் வழிக்க இடமில்லை. மாற்றத்தான் வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து.

பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே சீராக உரசுகிறது, பேட்டைப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது: டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு இருக்கிறதே, அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சரளைக்கல் மாட்டியிருக்கும். தோட்டத்துப் பாதையில் போய் வந்த அன்றைக்கு இந்தச் சத்தம் ஆரம்பித்திருந்தால் ஏறக்குறைய நிச்சயம். காரை மெதுவாகப் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள், கல் தானாக விழுந்துவிடுவதும் உண்டு. விழவில்லை என்றால் டயரைக் கழற்றி, தகட்டை ஸ்குரூ டிரைவரால் கொஞ்சம் விலக்கினால் வந்துவிடும். தகடு வளைந்திருந்தால் கையாலேயே நிமிர்த்தலாம். இதற்குப் போய்ப் புதுப் பேட் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிகிறது

ஹேண்ட் பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆகவே அளவு கொஞ்சம் குறைவது கசிவு என்று ஆகிவிடாது. உடனே மேலே ஊற்றி நிரப்பாதீர்கள், முதலில் பேட்டைப் பாருங்கள். இப்போது நிரப்பிவிட்டு, நாளை பேட் மாற்றிப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஆயில் பொங்கி வழியும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். பட்ட இடத்தைச் சுணங்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறது என்றால் கசிவுதான். நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பெடலுக்கு மேலேயும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் காரை எடுக்க வேண்டாம்.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் டயர் காற்றைப் பாருங்கள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், சாலையும் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கும். அதனால் ஸ்டீரிங்கை விட்டால் கார் லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. மிதித்தால் மட்டும் இழுக்கிறதா என்பதுதான் கேள்வி.

இடப்பக்கம் இழுத்தால் பலரும் இடப்பக்கத்தைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் கோளாறு வலப்பக்கத்தில் இருக்கும். வலது பிரேக் சரியாகப் பிடிக்காததால்தான் இடது பிரேக் காரைத் தன் பக்கம் இழுக்கிறது. வலது கேலிப்பர் பின், பிஸ்டன், பேட்டில் கிரீஸ் அல்லது ஆயில் பட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கிரீஸ் ஊறிய பேட்டைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டிப் போடுகிற பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். இரண்டு பக்கமும் புதுசு போடுங்கள்.

மிதிக்காமலே ஒரு பக்கம் இழுத்து, அந்தப் பக்கச் சக்கரம் சூடாகவும் இருந்தால் கதை வேறு. அது அடுத்த அறிகுறி.

ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது, தீய்ந்த வாடை வருகிறது

அதிகம் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, இரண்டு முன் ரிம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், அனலே சொல்லிவிடும். ஒன்று சாதாரணமாகவும் மற்றது அனலாகவும் இருந்தால், அந்தப் பக்கப் பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்திருக்கிறது.

ஆறவிட்டு, தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு (ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரக் கட்டையும் அப்படியே இருக்கட்டும்), சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால், கேலிப்பரின் பின்பக்கம் இருக்கும் பிளீடர் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) மெல்லிய ரப்பர் குழாய் மாட்டி, பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் ஆயில் வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் ஆயில் போகும் லைனுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, ஆயிலைத் திரும்ப விடாமல் தடுப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் கேலிப்பரில்தான் கோளாறு: பின் அல்லது பிஸ்டன். சோதனை முடிந்ததும் நிப்பிளை மூடிவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் மெத்தென்று இருந்தால், லைனில் புகுந்த காற்றை எடுத்தாக வேண்டும்; எடுக்கும் முறை கீழே இருக்கிறது.

சரி, பேட் மாற்றத்தான் வேண்டும் என்றால்

வாங்கும்போது கார் பெயர் மட்டும் சொல்லாதீர்கள். மைவி என்றால் 2005 முதல் எத்தனையோ மாறி வந்திருக்கிறது. பழைய பேட்டையே கையில் கொண்டுபோய் வைத்து ஒத்துப் பார்ப்பது உத்தமம். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு முன் சக்கரமும் சேர்த்துத்தான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிப் போடாதீர்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கம் போனால், எது எப்படி இருந்தது என்பதற்கு மற்றப் பக்கமே சாட்சி.

கீழ்ப் பின்னின் போல்ட்டைக் கழற்றிக் கேலிப்பரை மேலே மடக்கினால் பல கார்களில் பேட் வெளியே வந்துவிடும். இரண்டு போல்ட்டையும் கழற்றினால் கேலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். கேலிப்பர் வெளியே இருக்கும்போது பெடலை யாரும் மிதிக்கக் கூடாது. பிள்ளைகள் காருக்குள் விளையாடுவார்கள், கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ள, பழைய பேட்டை அதன் மேல் வைத்து ஜி கிளாம்பால் மெதுவாக முறுக்குங்கள். முன்னதாக ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி போட்டுவிடுங்கள். அளவு மேல் கோட்டுக்கு ஏறினால் ஊசி போடும் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடலாம். பிஸ்டன் சீராகப் போக வேண்டும். பாதியில் முரண்டு பிடித்தால் முழுப் பலத்தையும் காட்டாதீர்கள். பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் கிழிந்து உள்ளே துரு ஏறியிருக்கும், கேலிப்பருக்கு ரிப்பேர் கிட் போட வேண்டிய நேரம் அது.

பிராக்கெட்டில் பேட்டின் இரண்டு காதும் உட்காரும் இடத்தில் மெல்லிய தகட்டுக் கிளிப் இருக்கும். அதைக் கழற்றுங்கள். அடியில் துரு பொருக்குக் கட்டியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். இந்த இடத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் "அண்ணே, பேட் போட்டு ஒரு வாரம்கூட ஆகலே, மறுபடியும் கத்துது" என்று வருகிறார்கள். அடியில் துரு ஏறினால் கிளிப் மேலே எழும்பும், புதுப் பேட் காதுக்கு இடம் போதாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் ஏறும், ஆனால் திரும்பி வராது. பேட் கையால் தள்ளினால் நகர வேண்டும், அதுதான் சோதனை.

காதுகளிலும் பின்தகட்டின் முதுகிலும் பிரேக் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். உரசும் முகத்தில் ஒரு துளியும் படக் கூடாது. எச்சரிக்கை நாக்கு உள்ள பேட் பழையது இருந்த இடத்துக்கே போக வேண்டும். புது டிஸ்க் போட்டால், துருப் பிடிக்காமலிருக்க அதன் மேல் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

டயரை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, காரை இறக்கி, மறுபடியும் எதிரெதிராக இறுக்குங்கள். சின்னக் கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் அளவில் வரும். சரியான எண் கார் கையேட்டில் இருக்கும்.

மாற்றியதும் பெடல் தரை வரை போகிறது

பயப்பட வேண்டாம், ஆனால் காரை நகர்த்தவும் வேண்டாம். பிஸ்டனை உள்ளே தள்ளியதால் பேட்டுக்கும் அதற்கும் இடைவெளி விழுந்திருக்கிறது. எஞ்சினைப் போடுவதற்கு முன்பே பெடலை மெதுவாகப் பல தடவை மிதியுங்கள். கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். பிறகு ஆயில் அளவைப் பாருங்கள். இதைச் செய்யாமல் வாசலிலிருந்து காரைப் பின்னுக்கு எடுத்தால் முதல் மிதிக்குப் பிரேக்கே இருக்காது. எதிர் வீட்டு வேலி இருக்கிறது.

பல தடவை மிதித்த பிறகும் கெட்டியாகாமல் மெத்தென்று பஞ்சு மாதிரி இருந்தால் லைனில் காற்று. நிப்பிளைத் திறக்காமல் பேட் மட்டும் மாற்றியிருந்தால் காற்று ஏற வழியில்லை. ஆயில் டப்பா காலியாகிவிட்டதா, எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும், மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். "மிதிடா", "விடு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

பெடலை மிதித்து அப்படியே பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது, வெளியே எங்கும் கசிவு இல்லை என்றால், பெடல் மிதியில் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் பம்ப் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விடுகிறது. இது வாசலில் செய்கிற வேலை இல்லை.

கேலிப்பர் புதுப் பேட்டின் மேல் ஏற மறுக்கிறது

பிஸ்டன் முழுவதும் உள்ளே போகவில்லை. அல்லது சத்தத்தைக் குறைக்கப் பேட்டின் முதுகில் வைக்கும் மெல்லிய ஒலித்தகடு, பழையது ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய தகட்டோடு பேட் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை என்றால் பேட் உங்கள் காருக்கு உரியது இல்லை. அடித்து ஏற்றாதீர்கள்.

புதுப் பேட் கத்துகிறது

முதல் சில நாள் கொஞ்சம் கத்தலாம், லேசான வாடையும் வரலாம். பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். போக்குவரத்து இல்லாத நேராகச் செல்லும் சாலையில், பின்னால் யாரும் வராத நேரத்தில், மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 20 வரை நிதானமாகப் பிரேக் போட்டு இறக்குங்கள். முழுவதும் நிறுத்தாமல் மறுபடி வேகமெடுங்கள். எட்டு, பத்துத் தடவை இப்படிச் செய்துவிட்டு, பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்திப் பிடித்து நிறுத்தி வைக்காதீர்கள்; பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதன் பிறகும் கத்தினால் பின்தகட்டு கிரீஸ், ஒலித்தகடு, கிளிப் மூன்றையும் திரும்பப் பாருங்கள். பிரேக் போட்ட கணத்தில் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், ரிவர்ஸ் எடுத்து மிதித்தால் மறுபடியும் ஒரு 'டக்' என்றால் கிளிப் விட்டுப்போயிருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது.

பிரேக் போட்டால் ஸ்டீரிங் உதறுகிறது

டிஸ்க் "வளைந்துவிட்டது" என்று சொல்லிப் புது டிஸ்க் தலையில் கட்டுவது பட்டறைகளில் நடக்கிறது. அதற்கு முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, டயர் நட்டை ஏர் கன் வைத்துத் தாறுமாறாக இறுக்கியிருந்தால் தளர்த்திவிட்டுச் சமமாக இறுக்குங்கள். மற்றது, டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப் முகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே மணல் அளவு துரு இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பு ஆடும். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து மாட்டிய பிறகும் உதறினால், டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. வழிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

கேமரன் மலை இறங்கும்போது பிரேக் விட்டுப்போகிறது

தாப்பாவிலிருந்து ஏறும் 59-ஆம் எண் சாலையை நம் ஊர்க்காரர்கள் பெரிதாக நினைப்பதில்லை, அடிக்கடி போகிற வழிதானே. தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் முழுவதையும் இறங்கும்போது, கியரை டியிலேயே விட்டுப் பெடலைத் தொட்டுக்கொண்டே வந்தால், அத்தனையும் டிஸ்க்கில் சூடாகத்தான் சேரும். இதில் இரண்டு வகை உண்டு, காலே பிரித்துச் சொல்லும். பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் சூடேறி வழுக்குகிறது. பெடலே மெத்தென்று உள்ளே போகிறது என்றால் ஆயில் கொதித்து லைனில் ஆவி நிற்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இது 230, 155. ஆகவே புதுப் பேட் போட்டும் மலையில் பெடல் உள்ளே போனால் பேட்டைத் திட்டாதீர்கள், ஆயிலை மாற்றுங்கள். டப்பா மூடியில் போட்டிருக்கும் வகையையே வாங்குங்கள். திறந்து அலமாரியில் வைத்திருந்த பாதி பாட்டில் வேண்டாம். பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5-ஐ ஊற்றாதீர்கள். அது சிலிகான், மற்றதோடு சேராது.

மலையிலேயே இப்படி ஆனால் கீழ் கியருக்கு மாறி, இடம் கிடைத்ததும் ஓரமாக நிறுத்தி, பானட்டைத் தொடாமல், டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாமல், அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஆறிய பிறகு பெடல் கெட்டியாகத் திரும்பினாலும் கீழ் கியரிலேயே மெதுவாக இறங்கித் தாப்பா வந்து சேருங்கள். ஆயிலை மாற்றும்வரை மறுபடி மலைக்கு எடுக்காதீர்கள்.

பேட் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடியதும் டயர் நட்டை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், ஆயில் அளவையும் பாருங்கள். கழற்றிய பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் பாட்டிலில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனிப் பாட்டிலில் கொடுங்கள்.